எஸ்பெராண்டோவில் ஆலிஸ்: சிலேடை எங்கே செத்துப்போகிறது, எங்கே முளைக்கிறது

ஆலிஸின் அற்புத உலகக் கதையை எஸ்பெராண்டோவில் படிக்க முடியுமா, எந்தப் பதிப்பை எடுப்பது, திட்டம்போட்டு உருவாக்கிய மொழியில் அந்தக் கிறுக்குத்தனமும் சிலேடையும் எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். முழுநூலுக்கு நன்கு அறியப்பட்ட இரண்டு மொழிபெயர்ப்புகள் உண்டு. சிலேடையும் எடுபடும். ஆனால் ஆங்கிலத்தில் எடுபட்ட அதே இடத்தில் அதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

முதலில் பதிப்புகள். லூயிஸ் கரோல் என்ற பெயரில் எழுதிய ஆக்ஸ்ஃபோர்ட் கணித ஆசிரியர் சார்ல்ஸ் டாட்ஜ்சன் மூலத்தை வெளியிட்டது 1865இல். அதன் பிரிட்டிஷ் பதிப்புரிமை 1907இல் தீர்ந்தது. மூன்றே ஆண்டுகளில், 1910இல், பிரிட்டிஷ் எஸ்பெராண்டோ சங்கம் இ. எல். கெர்னியின் மொழிபெயர்ப்பை லண்டனில் வெளியிட்டது. மொழிக்கு அப்போது வயது 23. அதை உருவாக்கிய ஜாமென்ஹாஃப் அதைப் பற்றிய தன் முதல் நூலை வார்சாவில் அச்சிட்டது 1887இல். இரண்டாவது மொழிபெயர்ப்பு டொனால்ட் பிராட்ரிப் செய்தது, 1990களில் வந்தது. கண்ணாடிக்குள் போகும் இரண்டாம் பாகத்தையும் அவரே மொழிபெயர்த்தார். ஆலிஸைப் பல மொழிகளில் வெளியிடும் எவர்டைப் பதிப்பகம் பிற்காலத்தில் இரண்டையும் மறுபடி அச்சிட்டிருக்கிறது. பெயரை வைத்தே எது யாருடையது என்று சொல்லிவிடலாம்: கெர்னியின் சிறுமி அலிட்ஸீயோ, பிராட்ரிப்பின் சிறுமி அலீட்ஸோ. அற்புத உலகம் இருவருக்கும் மிர்லாந்தோதான். ‘மிர்’ வியப்பு, ‘லாந்தோ’ நாடு. (குளிர்பானக் கடையில் பார்த்த மிரிண்டா நினைவுக்கு வந்தால் தவறில்லை. அந்த எழுத்துகளை எஸ்பெராண்டோவாகப் படித்தால் ‘வியக்கத்தக்க’ என்றே பொருள்.)

கெர்னியின் உரை குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினிக் கோப்புகளில் ஒரு சிக்கலைப் பார்ப்பீர்கள். எஸ்பெராண்டோவின் 28 எழுத்துகளில் ஆறுக்குத் தலையில் குறி உண்டு. குறி போட வசதியில்லாத காலத்தில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எக்ஸ் சேர்த்து எழுதினார்கள். மொழியின் எழுத்து வரிசையில் எக்ஸ் கிடையாது என்பதால் குழப்பம் வராது. அப்படி ஒரு கோப்பு கையில் இருந்தால், எழுத்தும் எக்ஸும் சேர்ந்த ஆறு ஜோடிகளையும் ‘தேடி மாற்று’ வசதியால் குறியெழுத்தாக்கிவிட்டுப் படியுங்கள். கண் தடுக்காமல் ஓடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கீழே காட்டும் சிலேடைகளை இந்த இரண்டு பதிப்புகளிலிருந்தும் எடுக்கவில்லை. மொழி எதற்கு இடம் கொடுக்கிறது, எதற்குக் கொடுக்காது என்று காட்ட நான் கோத்தவை. எஸ்பெராண்டோவில் எழுதுவது போலவே படிப்பது; அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். தமிழ் எழுத்தில் ஒலியை ஏறக்குறையத்தான் தர முடியும்.

கரோலே இந்தப் புத்தகத்தை மொழிபெயர்க்க முடியுமா என்று தயங்கினார். தன் பதிப்பாளருக்கு 1866இல் எழுதியபோது, சிலேடைகளும் பாட்டுகளும்தான் பெரிய தடை என்று நண்பர்கள் கருதுவதாகச் சொன்னார். 1869இல் ஜெர்மனும் பிரெஞ்சும் வந்தே விட்டன. 1964இல் வாரன் வீவர், இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி 1949இல் குறிப்பு எழுதிய அதே கணிதர், 47 மொழிகளில் வந்த ஆலிஸ்களை ஆராய்ந்து ஒரு நூல் போட்டார். தேநீர் விருந்து அத்தியாயத்தைப் பல மொழிகளிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, எந்த வேடிக்கை உயிரோடு திரும்புகிறது என்று பார்த்தார். நல்ல முறைதான். ஆனால் அது மூலத்தின் வேடிக்கை எவ்வளவு மிஞ்சியது என்றுதான் அளக்கும். புதிதாக முளைத்ததைக் கணக்கில் கொள்ளாது. எஸ்பெராண்டோ ஆலிஸை எடைபோட அந்த இரண்டாவது கணக்கு வேண்டும்.

ஆங்கிலத்தின் சிலேடை பெரும்பாலும் ஒரே ஒலிக்கு இரண்டு சொல் என்பதில் நிற்கிறது. வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த சொற்கள் நூற்றாண்டுகள் தேய்ந்து ஒன்றாக ஒலிப்பதால் கிடைத்த செல்வம் அது. எஸ்பெராண்டோவுக்கு அந்தத் தேய்மானம் இல்லை. ஒரு வேருக்கு ஒரு பொருள் என்பதே அதன் அமைப்பு. அதனால்தான் ‘அந்த மொழியில் சிலேடையே வராது’ என்று பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தண்டியலங்காரம் படித்தவருக்கு இது அவசரத் தீர்ப்பு என்று தெரியும். சொல் பிரியாமல் இருபொருள் தருவது செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. எஸ்பெராண்டோ முதலாவதில் ஏழை, இரண்டாவதில் பெரும் பணக்காரன்.

காரணம் அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. வேரோடு ஒட்டு, ஒட்டோடு ஒட்டு என்று சேர்த்துக்கொண்டே போகும் மொழி அது. ‘அர்’ கூட்டம், ‘ஏர்’ துளி, ‘ஏக்’ பெரியது, ‘ஆன்’ உறுப்பினர், ‘உல்’ ஆள், ‘ஏய்’ இடம். எல்லாம் ஓரசை ஒட்டுகள். அழுத்தமோ பிரிக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஆகவே ஒரே எழுத்துக் கோவையை எப்படிப் பிரித்தாலும் காதுக்கு வித்தியாசமே இல்லை. ‘கொலேகோ’ உடன் வேலை செய்பவர். கொல்-ஏக்-ஓ என்று பிரித்தால் பெரிய கழுத்து. ‘கத்தாரோ’ ஜலதோஷம், காத்-அர்-ஓ என்றால் பூனைக் கூட்டம். ‘பனானோ’ வாழைப்பழம், பான்-ஆன்-ஓ என்றால் குளியல் சங்க உறுப்பினர். ‘ஸுகேரோ’ சர்க்கரை, ஸுக்-ஏர்-ஓ என்றால் சாற்றுத் துளி. எஸ்பெராண்டோ பேசுகிறவர்கள் இவற்றை வைத்து நெடுங்காலமாக விளையாடுகிறார்கள். 1920களில் பாரிஸில் ‘பச்சைப் பூனை’ என்ற பெயரில் நடந்த எஸ்பெராண்டோ கேபரேயில் ரேமோன் ஷ்வார்ட்ஸ் இதை ஒரு கலையாகவே ஆக்கினார்.

இந்த நாலு சொல்லையும் ஆலிஸ் கதைக்குள் வைத்துப் பாருங்கள். கண்ணீர்க் குளத்தில் நனைந்து கரையேறும் பறவைகளும் விலங்குகளும் அத்தனை பேரும் பனானோக்கள். கழுத்து மரத்துக்கு மேலே நீண்டுவிட்ட ஆலிஸைப் பார்த்துப் பாம்பு என்று அலறும் புறாவிடம் அவள் ‘கொலேகோ’ என்று சொன்னால் போதும். கோமகளின் சமையலறையில் மிளகுத்தூளால் எல்லாரும் தும்முகிறார்கள், அடுப்பருகே பூனை இளிக்கிறது; அங்கே ‘கத்தாரோ’ என்ற ஒரு சொல் இரண்டு வேலை செய்யும். மூலத்தில் இந்த இடங்களில் சிலேடை கிடையாது. இருக்கட்டும், வேறு எங்கோ கட்டாயமாக இழந்ததை இங்கே ஈடுகட்டுவதுதான் கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் செய்வது.

மூலச் சிலேடை இருக்கிற இடத்திலேயே இன்னொன்று கிடைத்தால் அதைவிட நல்லது. ஒன்பதாம் அத்தியாயத்தில் போலி ஆமை தன் கடலடிப் பள்ளியைப் பற்றிச் சொல்கிறது. ஆசிரியர் ஒரு கடலாமை. ஆனால் அவரை நிலத்தாமையின் பெயரால் அழைத்தார்களாம். ஏன் என்று ஆலிஸ் கேட்க, ‘அவர் எங்களுக்குக் கற்பித்தாரே’ என்று பதில். ஆங்கிலத்தில் நிலத்தாமையின் பெயரும் ‘எங்களுக்குக் கற்பித்தார்’ என்பதும் ஒரே மாதிரி ஒலிக்கும். எஸ்பெராண்டோவில் கடலாமை ‘கெலொனீயோ’, நிலத்தாமை ‘தெஸ்தூதோ’. இரண்டும் தனித்தனிச் சொல் என்பதே முதல் அதிர்ஷ்டம். பல மொழிகளுக்கு அதுவும் இல்லை. தெஸ்தூதோவைப் பிரித்தால் தே-ஸ்தூத்-ஓ: தேநீர்ப் படிப்பு. ‘தேயோ’ தேநீர், ‘ஸ்தூதோ’ படிப்பு; கூட்டுச்சொல்லில் முதற்சொல்லின் ஓகாரம் உதிர்வது இலக்கணப்படியே சரி. இரண்டு அத்தியாயம் முன்பு முடியாத தேநீர் விருந்து ஒன்றிலிருந்து எழுந்து வந்த சிறுமிக்கு இந்த விளக்கம் கச்சிதம். எழுத்தை மாற்றவில்லை, ஒலியை வளைக்கவில்லை. மூலத்தில்கூட ஒலி இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவதில்லை.

அதே பள்ளியின் செம்மொழிப் பாடங்களில் கரோல் லத்தீனைச் சிரிப்பாகவும் கிரேக்கத்தைத் துயரமாகவும் திரித்தார். எஸ்பெராண்டோவில் லத்தீன் ‘லத்தீனா’. பிரித்தால் லா தீனா, அதாவது ‘தொட்டிக்குரிய’. கடலடியில் படித்தவர்களுக்குத் தொட்டி மொழி பொருத்தம்தான். கிரேக்கத்துக்கு இப்படி எதுவும் எளிதில் கிடைக்காது, விட்டுவிடலாம்.

கணக்குப் பாடங்களில் ஒரு பாதி சுலபம், மறுபாதி பொறி. கரோல் கூட்டலைப் பேராசையாகவும் பெருக்கலை அசிங்கப்படுத்தலாகவும் மாற்றினார். கூட்டல் ‘அதிட்ஸீயோ’, பேராசை ‘அம்பிட்ஸீயோ’. இரண்டுமே லத்தீன் வழி வந்தவை. ஆங்கில வேடிக்கை அப்படியே கடந்துவிடுகிறது. வகுத்தல் ‘திவீதோ’வுக்கு எதுகையாக ‘பெர்ஃபீதோ’, துரோகம், உட்கார்ந்துகொள்ளும். பொறி இருப்பது பெருக்கலில். ஆங்கிலத்தில் ‘அசிங்கமாக்கல்’ என்று கரோல் செய்த சொல் புதுசு, முரட்டுத்தனமானது. கேள்விப்பட்டதே இல்லை என்று ஆலிஸ் சொல்கிறாள். எஸ்பெராண்டோவில் அதை நேராகச் செய்தால் மல்-பெல்-ஈக்-ஓ. அழகுக்கு எதிர், ஆக்குதல், பெயர்ச்சொல். முதல் வாரப் பாடம் முடித்தவனும் இதைச் செய்துவிடுவான். இதைக் கேள்விப்பட்டதில்லை என்று ஆலிஸ் சொன்னால் அவள் மக்கு என்றுதான் தோன்றும், சொல் கிறுக்கு என்று தோன்றாது. நகைச்சுவை தலைகீழாகிவிடும்.

இந்த மொழியில் கிறுக்கு இலக்கியம் செய்கிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுவே: சொல்லாக்கம் சுதந்திரமாக இருக்கிற இடத்தில் புதுச்சொல் வேடிக்கை ஆகாது. விதியை மீறினால்தான் சிரிப்பு. பெருக்கல் ‘முல்திப்ளீக்கோ’. ‘ஸ்துல்தா’ என்றால் முட்டாள்தனமான. ‘ஸ்துல்திப்ளீக்கோ’ என்றால் விதிக்கு உட்படாத ஒட்டு, ஆனால் உடனே புரியும், வாயிலும் நன்றாக உருளும். ‘ஸ்துல்தா என்றால் தெரியும்தானே?’ என்று, போலி ஆமையோடு இருக்கும் சிங்கக் கழுகு ஆலிஸை அதட்டுவதற்கும் வழி கிடைக்கும்.

தேநீர் விருந்திலும் இதே பொறி. பாகுக் கிணற்றில் வாழும் மூன்று சகோதரிகள் ‘எம்’ எழுத்தில் தொடங்கும் பொருள்களை வரைகிறார்கள்: எலிப்பொறி, நிலா, நினைவு, ‘மிகுதித்தன்மை’. கடைசிச் சொல்தான் அடி. அதைப் படமாக யாரும் வரைய முடியாது. எஸ்பெராண்டோவில் எலிப்பொறிக்கும் நினைவுக்கும் எம்மில் தொடங்கும் சொல் தயாராக இருக்கிறது. நிலா ‘லூனோ’, அதை விட்டு ‘மாரோ’, கடல், என்று போட்டால் தீர்ந்தது. ‘மிகுதித்தன்மை’ ‘முல்தேட்ஸோ’ ஆகும். அதுவோ அகராதியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் சொல். அதற்குப் பதில் ‘மாலோ’ போடலாம். ‘மல்’ என்பது எதிர்ப்பொருள் தரும் முன்னொட்டு. அதோடு ஓகாரம் சேர்த்தால் ‘எதிர்’ என்ற பெயர்ச்சொல். ‘மாலோவின் படத்தை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?’ என்று தொப்பிக்காரர் பக்கத்திலிருந்து கேள்வி வந்தால் ஆலிஸ் திணறத்தான் வேண்டும். வரைவது, இறைப்பது இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதில் நிற்கும் வேடிக்கை மட்டும் இங்கே போய்விடும். எஸ்பெராண்டோவில் அவை இரண்டு வேர்கள். அடிக்குறிப்பு போட்டு அதைக் காப்பாற்ற முயல்வதைவிட அந்த நாலு வரியைச் சுருக்குவது மேல்.

மூன்றாம் அத்தியாயத்தின் எலி வாலுக்கும் வழி உண்டு. கதை, வால் இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. அதனால் ஆலிஸின் மனதில் எலியின் கதை வால் வடிவில் வளைந்து வளைந்து இறங்குகிறது. எஸ்பெராண்டோவில் கதை ‘ரகோன்தோ’, வால் ‘வோஸ்தோ’; ஒட்டாது. ஆனால் சொல் ‘வோர்த்தோ’. ‘என் சொல் நீண்டது, சோகமானது’ என்று எலி தொடங்கட்டும். ஆலிஸ் வால் என்று கேட்டுக்கொள்ளட்டும். ஓர் எழுத்து வித்தியாசம், காது பிசகக் கூடிய வித்தியாசம். சற்று நேரத்தில் ‘இல்லை’ என்று எலி கத்துவதை ஆலிஸ் ‘முடிச்சு’ என்று எடுத்துக்கொண்டு அவிழ்க்க ஓடி வருவாள். முடிச்சு ‘நோதோ’, ‘இல்லையப்பா’ என்பது போல ‘நே தோ!’ என்று எலி சீறினால் கிட்டத்தட்ட வந்துவிடும். இப்படிப்பட்ட ஓரெழுத்துப் பிசகுகள் இன்னும் சில உண்டு. ‘பன்றி என்றாயா, அத்தி என்றாயா?’ என்று பூனை கேட்பதற்கு ‘போர்க்கோ’ (பன்றி), ‘ஃபோர்க்கோ’ (முள்கரண்டி) தயாராக இருக்கிறது. எந்த மீனும் ‘தெல்ஃபேனோ’ (டால்ஃபின்) இல்லாமல் பயணம் போகாது என்பதை ‘தெல் ஃபீனோ’, முடிவின், என்று மயக்கலாம். டோடோப் பறவையை ‘தோதோ’ என்றே விட்டால் ‘ஆகவே, ஆகவே’ என்றாகும். கூட்டத்தில் கனமாகத் தீர்மானம் முன்மொழிகிற பறவைக்கு இதைவிட நல்ல பெயர் வேண்டாம்.

வால் வடிவத்தை அச்சில் கொண்டுவருவது தனி வேலை. வால் நுனிக்கு வரும்போது வரிக்கு ஒரு சின்னச் சொல்தான் இடம் கொள்ளும். எஸ்பெராண்டோப் பெயர்ச்சொல் ஓகாரத்தில் முடிவதால் ஓர் அசை எப்போதும் அதிகம். கவிதையில் ஒருமைப் பெயரின் ஓகாரத்தை உதிர்த்து மேற்குறி போட அனுமதி உண்டு: ‘காத்தோ’ ‘காத்’’ ஆகும். பன்மையிலும், செயப்படுபொருள் உருபு சேர்ந்த வடிவிலும் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே வால் நுனியில் வரும் பெயர்கள் எழுவாயாக இருக்கும்படி வாக்கியத்தை முன்கூட்டியே அமைக்க வேண்டும். இதைக் கடைசியில் யோசித்தால் நுனி தடித்துவிடும்.

பாட்டுகளில் இதே சலுகை இன்னும் முக்கியம். ஆங்கிலச் சிறுவர் பாட்டின் வரி பெரும்பாலும் அழுத்தமான அசையில் முடிகிறது. எஸ்பெராண்டோ வரி, ஓகாரம் உதிர்த்தால் ஒழிய, பெரும்பாலும் அழுத்தமில்லாத அசையில்தான் முடியும். இன்னொரு வழுக்கல் இயைபு. எல்லா வினையும் நிகழ்காலத்தில் ‘அஸ்’, இறந்தகாலத்தில் ‘இஸ்’ என்று முடிவதால் இயைபு சும்மா கொட்டும். எஸ்பெராண்டோக் கவிஞர்கள் இந்த மலிவு இயைபுக்கு ‘அதஸீஸ்மோ’ என்று கேலிப்பெயரே வைத்திருக்கிறார்கள். விகுதியில் மட்டும் இயைவதை இயைபாகவே அவர்கள் எண்ணுவதில்லை. வேரும் இயைய வேண்டும்.

ஆனால் பாட்டின் உண்மையான சிக்கல் யாப்பு அல்ல. கதையில் ஆலிஸும் மற்றவர்களும் திரித்துச் சொல்லும் பாட்டுகள் பெரும்பாலும் விக்டோரியா காலக் குழந்தைகள் மனப்பாடம் செய்த பாட்டுகளின் பகடி: ஐசக் வாட்ஸின் சுறுசுறுப்பான தேனீ முதலையாகிறது, ஜேன் டெய்லரின் நட்சத்திரம் வௌவாலாகிறது. ஹங்கேரியிலும் ஜப்பானிலும் இருக்கிற எஸ்பெராண்டோ வாசகருக்கு அந்த மூலங்கள் தெரியாது. அவர்களுக்குப் பொதுவான தாலாட்டு ஒன்றும் இல்லை. அவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு ஒன்று உண்டு. ஜாமென்ஹாஃப் எழுதி இயக்கத்தின் கீதமாகிவிட்ட ‘லா எஸ்பேரோ’. ‘என் லா மோன்தோன் வேனிஸ் நோவா சேன்தோ’, உலகுக்குள் வந்ததொரு புது உணர்வு, என்று தொடங்கும். இதை ‘என் லா மூஸோன் வேனிஸ் நோவா தேன்தோ’ என்று ஆலிஸ் ஒப்பித்தால், எலிக்குள் வந்தது புதுப் பல். பத்து அசைக்குப் பத்து அசை, உள்நோக்கிய இயக்கத்தைக் காட்டும் ‘ன்’ உருபு உட்பட இலக்கணம் சுத்தம். மாநாட்டில் எழுந்து நின்று அதைப் பாடியவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். புனிதத்தைக் கேலி செய்வதாகச் சிலர் முகம் சுளிக்கலாம். வாட்ஸின் பாட்டைக் கரோல் செய்ததும் அதுதான்.

முதலைப் பாட்டை நேராக மொழிபெயர்த்தாலும் ஒரு கூடுதல் சிரிப்பு ஓசியில் கிடைக்கும். எஸ்பெராண்டோக் கூட்டத்தில் தாய்மொழியில் பேசுவதற்கு ‘க்ரொகொதீலி’, முதலைப்படுதல், என்று பெயர். 1910இல் கெர்னி எழுதியபோது இந்த வழக்கு இல்லை. இன்றைய வாசகர் அதே முதலையை வேறு கண்ணோடு பார்க்கிறார்.

தர்க்க வேடிக்கைகளுக்கு இந்த மொழி கிட்டத்தட்ட இலட்சிய வீடு. குழிக்குள் விழும்போது தூக்கக் கலக்கத்தில் ஆலிஸ் ‘பூனை வௌவாலைத் தின்னுமா, வௌவால் பூனையைத் தின்னுமா’ என்று குழம்புவாள். ‘ச்சூ காத்தோய் மாஞ்ஜஸ் வெஸ்பேர்த்தோய்ன்?’ என்பது ‘ச்சூ காத்தோய்ன் மாஞ்ஜஸ் வெஸ்பேர்த்தோய்?’ ஆகிவிடும். சொல் வரிசை அப்படியே நிற்க, ஒரே ஒரு ‘ன்’ மட்டும் இடம் மாறுகிறது. கண் சொருகுகிற பிள்ளைக்கு அதுதான் நழுவும். புதிதாகக் கற்பவர்களுக்கும் தினமும் நழுவுவது அதுவே. பூனைக்கும் வௌவாலுக்கும் ஆங்கிலத்தில் உள்ள இயைபு போய்விடும். இயைபு வேண்டுமென்று வௌவாலை ‘ராத்தோ’, எலி, ஆக்கலாம். ஆனால் காற்றில் விழுந்துகொண்டிருக்கும்போது எலி எங்கிருந்து வரும்? உருபின் விளையாட்டை வைத்துக்கொண்டு இயைபை விடுவதே என் தேர்வு.

இரண்டாம் பாகத்தில் ‘பாதையில் ஒருவரையும் காணவில்லை’ என்று ஆலிஸ் சொல்ல, அந்த ‘ஒருவருமில்லை’ என்பவரை அவ்வளவு தூரத்தில் பார்க்கும் கண் தனக்கு இல்லையே என்று அரசர் வருந்துவார். தமிழில் இதை நேராகச் சொல்லவே முடியாது. மறுப்பு நம் வினையில் உட்கார்ந்துவிடும். எஸ்பெராண்டோவில் ‘மி வீதஸ் நெநீயுன்’ என்றாலே போதும். வினையை இன்னொரு முறை மறுக்கத் தேவையில்லை. நெநீயுவைப் பெரிய எழுத்தில் எழுதினால் ஆளாகிவிடுவார். அதே போல நீ, நீங்கள் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மரியாதை அளக்கும் தலைவலியும் இல்லை, எல்லாருக்கும் ‘வி’தான்.

அதே பாகத்தில் ஒரு கண்ணிவெடி. முட்டை உருவப் பாத்திரமான ஹம்ப்டி டம்ப்டியின் ‘பிறந்தநாளல்லாத நாள்’ பரிசுக்குக் கை தானாக ‘மல்’ முன்னொட்டைத் தேடும். ‘மல்நஸ்கிஜ்தாகோ’ என்று எழுதினால் பிறப்புக்கு எதிர், அதாவது சாவு நாள் பரிசு என்று வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘மல்’ நேரெதிர்; வெறும் மறுப்புக்கு ‘நெ’. ‘நெநஸ்கிஜ்தாகோ’ என்றால்தான் ஆண்டில் 364 வரும்.

அதே பாகத்தில் பொருளற்ற சொற்களால் ஆன ஜாபர்வாக்கி பாட்டு பயமுறுத்துவது போல இருக்கும், உண்மையில் எளிது. விகுதிகள் பெயர், பெயரடை, வினை என்று காட்டிக்கொடுத்துவிடுவதால் பொருளற்ற வேரும் இலக்கணத்தோடு நடக்கும். சேறு ‘ஷ்லீமோ’, வழுக்குதல் ‘க்ளீத்தி’; இரண்டையும் நசுக்கினால் ‘ஷ்லீத்தா’. சோதிக்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் கண்டுபிடித்த வேர் தற்செயலாக உண்மையான ஒட்டுகளாகப் பிரிகிறதா? ‘அர்’, ‘உல்’, ‘ஏய்’ என்று முடிந்தால் வாசகர் அதைப் பிரித்துப் பொருள் தேடத் தொடங்குவார், கிறுக்குத்தனம் புதிராகிவிடும். உரைநடையில் நமக்கு லாபமான அதே பழக்கம் இங்கே நஷ்டம்.

நீங்களே ஒரு பத்தியை முயன்று பார்ப்பதானால் ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்காதீர்கள். அந்த வேடிக்கை அடுத்து எதைக் கிளப்புகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வால் சிலேடை வால் வடிவத்தைக் கிளப்புகிறது, ஆகவே வால் போகக் கூடாது, கதை போகலாம். பிறகு அந்தக் காட்சியில் உள்ள பொருள்கள், விலங்குகள், செயல்கள் எல்லாவற்றையும் எஸ்பெராண்டோவில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒட்டுகளாக உடைத்துப் பாருங்கள். கிடைத்த சொல்லின் இரண்டு பிரிப்பும் சாதாரண வாசகருக்குத் தெரிந்த வேர்களா என்று ‘ரேத்தா வோர்தாரோ’ இணைய அகராதியில் சரிபாருங்கள். ஒரு வேர் பெரிய அகராதியில் மட்டும் இருந்தால் அந்தச் சிலேடையைத் தூக்கி எறியுங்கள். சொல்லின் நடுவே கோடு போட்டுக் காட்டவும் கூடாது. எதிரில் இருக்கும் பாத்திரம் தப்பாகப் பிரித்துப் பதில் சொல்வதுதான் வாசகருக்குக் கோடு.

அதற்காகக் கிடைத்த இடத்தில் எல்லாம் திணிக்கவும் வேண்டாம். அண்டங்காக்கைக்கும் எழுதுமேசைக்கும் என்ன ஒற்றுமை என்ற புதிரில், காக்கை ‘கோர்வோ’வுக்குப் பக்கத்தில் கூடை ‘கோர்போ’ சிரித்துக்கொண்டு நிற்கும். தொடாதீர்கள். அந்தப் புதிருக்கு விடையே இல்லை என்பதுதான் தொப்பிக்காரரின் அட்டகாசம். ஒலி ஒத்துப்போனால் விடை கிடைத்துவிட்டது போலாகும்.

எந்தப் பதிப்பு என்ற கேள்வி பாக்கி. ஆரம்பநிலை வாசகருக்குக் கெர்னி. அவர் காலத்து அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,600 வேர்கள்தான். இன்றைய பெரிய அகராதியில் 15,000க்கு மேல். அகராதியை அடிக்கடி புரட்டாமல் போகலாம், நடை சற்றுப் பழசாக இருக்கும். ஓரளவு சரளம் வந்தவருக்கு, குறிப்பாக இரண்டாம் பாகமும் வேண்டுமென்றால், பிராட்ரிப். இரண்டும் கையில் இருந்தால் முதல் அத்தியாயத்தில் ஒப்பிட்டு நேரத்தைச் செலவிடாதீர்கள். அங்கே இருவருக்கும் பெரிய சோதனை இல்லை. மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவது அத்தியாயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.